‘நம்ம ஆளுங்களுக்கே குடுங்க’: அமெரிக்காவில் வீடு விற்கும் தமிழருக்குப் பாகுபாடு தடுப்புச் சட்ட வழிகாட்டி

வீட்டு முன்னால் ‘ஃபார் சேல்’ பலகை நட்ட மறுநாள் காலை, எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. “அண்ணா, வீட்டை நம்ம ஆளுங்களுக்கே பாத்துக் குடுங்க. தெரு நல்லா இருக்கும்.” அதன் கீழே பதினோரு கட்டைவிரல்கள். எழுதிய தம்பி கெட்டவர் கிடையாது. பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலில் கரும்பு வைத்துவிட்டுப் போகிறவர். நானும் பழக்கதோஷத்தில் “சரி தம்பி” என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றபோதுதான் உறைத்தது: நாளைக்கு யாராவது என் மேல் வழக்குப் போட்டால், அந்த இரண்டு சொற்கள் முதல் சான்றாக வந்து நிற்கும்.

நியூஜெர்சியில் அந்த வீட்டை விற்று முடித்த அனுபவத்தையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் மாநிலத்துச் சட்டத்துக்கு ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். ஆனால் அந்த அரை மணியில் என்ன கேட்க வேண்டும் என்பதாவது இதைப் படித்தால் தெரியும்.

முதல் படி: சட்டம் யாரைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன், நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டமான ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை காங்கிரஸில் இழுபறியாகக் கிடந்த சட்டம் அது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்ற நான்கு காரணங்களைச் சொல்லி யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது என்றது. 1974இல் பாலினம் சேர்ந்தது. 1988இல் உடற்குறையும் ‘குடும்பநிலை’யும் சேர்ந்தன. குடும்பநிலை என்றால் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருப்பது, கர்ப்பமாக இருப்பது. ஆக மொத்தம் ஏழு.

இது வெள்ளைக்காரர்–கறுப்பர் விவகாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1913இல் கலிபோர்னியா ஒரு நிலச் சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்க முடியாது என்றது அது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் குடியுரிமைச் சட்டம் சொல்லும் ‘வெள்ளையர்’ வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லை என்றானதும், அந்த நிலச் சட்டத்தின் வலைக்குள் பஞ்சாபி விவசாயிகளும் விழுந்தார்கள். இந்தியர் குடியுரிமை பெறும் வழி 1946இல்தான் திறந்தது. அந்த நிலச் சட்டத்தைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது 1952இல். நாம் வீடு வாங்கவும் விற்கவும் முடிவதே இப்படிப்பட்ட வழக்குகளின் மிச்சம்தான்.

ஏழோடு முடிந்துவிடுவதில்லை. மாநிலங்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கின்றன. நியூஜெர்சியின் பாகுபாடு தடுப்புச் சட்டத்தில் வம்சாவளி, திருமணநிலை, பாலீர்ப்பு, பாலின அடையாளம், சட்டபூர்வமான வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் உண்டு. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் குடியேற்ற நிலையைக் காட்டியும் ஒதுக்க முடியாது. டெக்சாஸ் சட்டம் ஏறக்குறைய கூட்டாட்சிச் சட்டத்தின் அளவோடு நிற்கிறது. நியூஜெர்சி எட்டிசனில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில் வீடு விற்காதீர்கள். ஃப்ரிஸ்கோ மச்சான் சொன்னதை நம்பி எட்டிசனில் விற்கவே விற்காதீர்கள்.

இரண்டாம் படி: ‘ஏஜெண்ட் இல்லாமல் விற்றால் சட்டம் தொடாது’ என்ற பேச்சை நம்பாதீர்கள்

இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து.

கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்தமாக விற்பவருக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அது தனிவீடாக இருக்க வேண்டும். உங்களிடம் அப்படி மூன்று வீடுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏஜெண்ட், தரகர் யாரும் நடுவில் வரக் கூடாது. நீங்கள் குடியிருக்காத வீடு என்றால் 24 மாதத்துக்கு ஒரு விற்பனைக்குத்தான் இந்த விலக்கு. இவ்வளவும் பொருந்தினாலும், பாகுபாடு தொனிக்கும் விளம்பரம் ஒன்று போட்டால் விலக்கு போய்விடும்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதைச் சொல்வதில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்தது. வெள்ளையருக்கு இருக்கும் அதே சொத்துரிமை, வாங்கவும் விற்கவும், எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்கிறது. நூறு வருடம் தூங்கிக் கிடந்த அந்தச் சட்டத்தை 1968 ஜூனில், ஜோன்ஸ் எதிர் மேயர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தட்டி எழுப்பியது. தனியார் விற்பனைக்கும் அது பொருந்தும் என்றது. அதில் மூன்று வீடு, 24 மாதம் என்ற சலுகையெல்லாம் கிடையாது. இனத்தைக் காரணமாக வைத்து மறுத்தால், சொந்தமாக விற்றாலும் மாட்டிக்கொள்வீர்கள். 1987இல் வந்த தீர்ப்புகளின்படி ‘இனம்’ என்பதில் வம்சாவளியும் அடக்கம். “கறுப்பர்னு இல்லீங்க, அரபுக்காரங்கன்னுதான் யோசிச்சேன்” என்பது தப்பிக்கும் வழியாகாது.

மாநிலச் சட்டங்களில் இந்த விலக்கு அப்படியே இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கலிபோர்னியாவில் விற்பனைக்கு அப்படி ஒரு விலக்கே இல்லை. என் கருத்து: விலக்கு உண்டு என்பதையே மறந்துவிடுங்கள். யாரையாவது ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவருக்கு அந்த விலக்கால் என்ன பயன்?

மூன்றாம் படி: ஏஜெண்டை நேர்காணல் செய்யுங்கள்

கமிஷன் எவ்வளவு, எத்தனை வீடு விற்றிருக்கிறார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நான் பார்த்த இரண்டாவது ஏஜெண்ட் நம்மவர்தான். காபி குடித்துக்கொண்டே, “கவலைப்படாதீங்க சார், யாரைக் கூட்டிட்டு வரணும்னு எனக்குத் தெரியும்” என்றார். அவர் என் வயிற்றில் பால் வார்ப்பதாக நினைத்திருக்கலாம். எனக்குப் புளியைத்தான் கரைத்தது. அவரை விட்டுவிட்டேன்.

ஏனென்றால் ஏஜெண்ட் உங்களுக்காகப் பேசுகிறவர், உங்களுக்காகச் செய்கிறவர். அவர் வேலைக்கு நடுவே பாகுபாடு காட்டினால் அவருடைய நிறுவனம் பொறுப்பாகும் என்பதை 2003இல் மேயர் எதிர் ஹோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவரை அமர்த்திய வீட்டுக்காரர் மீதும் வழக்கு நீளலாம்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒரு தகவல். 2019இல் நியூஸ்டே நாளிதழ் லாங் ஐலண்டில் மூன்றாண்டு செய்த புலனாய்வை வெளியிட்டது. பயிற்சி பெற்ற 25 பேர், வாங்குபவர்போல நடித்து, 93 ஏஜெண்டுகளை ரகசியக் கேமராவோடு சோதித்தார்கள். ஒரே வசதி, ஒரே கோரிக்கை, நிறம் மட்டும் வேறு. கறுப்பர்கள் போன சோதனைகளில் 49 சதவீதத்திலும், ஹிஸ்பானியர் போனவற்றில் 39 சதவீதத்திலும், ஆசியர் போனவற்றில் 19 சதவீதத்திலும் வேறுபட்ட நடத்தைக்கான சான்று கிடைத்தது. அந்தப் பத்தொன்பதில் நாமும் இருக்கிறோம்.

‘வாங்குபவர்போல நடித்து’ என்பதை மறுபடி படியுங்கள். இப்படிச் சோதிக்க வருகிறவரை ‘டெஸ்டர்’ என்பார்கள். வீடு வாங்கும் எண்ணமே அவருக்கு இருக்காது. ஆனால் அவரிடம் “வீடு போயிடுச்சே” என்று பொய் சொன்னால் அவரே வழக்குப் போடலாம் என்று 1982இல் ஹேவன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஓப்பன் ஹவுஸுக்கு (வீட்டைத் திறந்துவைத்து எல்லோருக்கும் காட்டும் நாள்) வருகிறவர்களில் யார் டெஸ்டர் என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லாதபடி நடந்துகொள்வது சுலபம்.

நியூஜெர்சியில் ஒரு நல்ல நடைமுறை உண்டு. லிஸ்டிங் (வீட்டை விற்பனைப் பட்டியலில் போடும் பொறுப்பு) எடுக்கும்போதே ஏஜெண்ட், மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் எழுதிய பாகுபாடு தடுப்புக் குறிப்பை உங்களிடம் கொடுக்க வேண்டும். “நான் இதன்படி நடக்கமாட்டேன்” என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த லிஸ்டிங்கை எடுக்கவே கூடாது. எங்கள் ஏஜெண்ட் அதைப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினார். அப்போதே அவரை அமர்த்த முடிவு செய்துவிட்டேன்.

நான்காம் படி: விளம்பரத்தில் வீட்டைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்

எல்லா விதிகளிலும் இதுதான் சுலபம், இதில்தான் அதிகம் சறுக்குகிறோம். விளம்பரம் என்றால் ஜில்லோ போன்ற வீட்டு விற்பனை இணையதளத்தில் வருவது மட்டும் கிடையாது. வாட்ஸாப் செய்தி, ஃபேஸ்புக் பதிவு, கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாள், ஓப்பன் ஹவுஸில் வாயால் சொல்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். சொன்னவருடைய மனதில் என்ன இருந்தது என்பதைவிட, சாதாரணமாகப் படிக்கிறவருக்கு அது எப்படிப் படுகிறது என்பதே கேள்வி.

‘கிழக்குப் பார்த்த வாசல்’ என்பது வீட்டைப் பற்றியது. தாராளமாக எழுதலாம். ‘மாடியில் பூஜை அறையாகப் பயன்படுத்திய தனியறை’ என்பதும் அறையைப் பற்றியதே. ஆனாலும் ‘தனியறை’ என்று மட்டும் எழுதுவது இன்னும் நல்லது. ‘இந்தியக் குடும்பத்துக்கு ஏற்ற வீடு’, ‘சைவம் சாப்பிடுபவர்களுக்கு முன்னுரிமை’ என்றால் போச்சு. சைவம் என்ற சொல் சட்டத்தில் எங்கேயும் இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மதமும் பூர்வீகமும் ஒளிந்திருக்கின்றன என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட ஐந்து நிமிடம் போதும். (மீன் குழம்பு வாடை பிடித்திருக்கும் என்று பயந்து வீட்டையே மறுக்கிற ஆட்கள், அடுப்புக்கு மேலிருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.)

‘புதுமணத் தம்பதிக்கு அருமையான வீடு’ என்பதில் என்ன தவறு என்று என் மனைவி கேட்டாள். பிள்ளைகள் உள்ளவர்கள் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் எடுக்கலாம். குடும்பநிலைப் பாகுபாடு. ‘அமைதியை விரும்பும் பெரியவர்களுக்கு’ என்பதும் அதே கதை. 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பு என்று சட்டப்படி தகுதி பெற்ற இடங்களுக்கு விலக்கு உண்டு. அங்கே ஆளிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயதான ஒருவராவது இருக்க வேண்டும்.

ரொம்பவும் பயப்படவும் வேண்டாம். ‘மாஸ்டர் பெட்ரூம்’, ‘வாக்-இன் க்ளாசெட்’, ‘மாமியார் அறை’, ‘பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகலாம்’ போன்றவை தவறில்லை என்று வீட்டுவசதித் துறையான ஹட், 1995இலேயே சுற்றறிக்கை அனுப்பித் தெளிவாக்கிவிட்டது.

இனி நம் தலையாய வழக்கம்: தமிழ்ச் சங்கக் குழுவில் மட்டும் போட்டு, நாலு பேருக்குள் பேசி முடிப்பது. அப்படியே விற்றுவிட்டால் செலவும் மிச்சம், சிரமமும் மிச்சம் என்று தோன்றும். தெரிந்தவர் ஒருவருக்கு விற்பது குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரே இனத்தார் மட்டும் இருக்கும் குழுக்களில் வேண்டுமென்றே சுற்றவிட்டு, மற்றவர் கண்ணில் படாமல் வைப்பது பாகுபாட்டுக்கான சான்றாக நிற்கக்கூடும். தவிர, நாட்டளவிலான ரியல்ட்டர் சங்கத்தின் 2020 விதிப்படி, பொதுவெளியில் விளம்பரம் செய்த ஒரு வேலைநாளுக்குள் ஏஜெண்ட் அதை எம்எல்எஸ் என்ற ஏஜெண்டுகளின் பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். எல்லோரும் பார்க்கும் பட்டியலில் முதலில் போடுங்கள். அப்புறம் அதே சுட்டியைத் தமிழ்ச் சங்கக் குழுவிலும் போடுங்கள்.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கும் ஒரு சொல். யார் கண்ணில் பட வேண்டும் என்று வடிகட்ட அந்தத் தளம் அனுமதித்ததற்காக 2019இல் ஹட் அதன் மேல் குற்றம் சாட்டியது. 2022இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்துடன் உடன்பாடு ஆனது. இப்போது வீட்டு விளம்பரத்துக்கு வயது, பாலினம், அஞ்சல் குறியீடு பார்த்து வடிகட்ட முடியாது. வேறு வகை விளம்பரம் என்று பொய்யாகக் குறித்து அதைத் தாண்டப் பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: வீடு பார்க்க வருகிறவர்களிடம் என்ன கேட்கக் கூடாது

முடிந்தால் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். ஏஜெண்ட் சாவி திறந்து காட்டட்டும், நீங்கள் காஸ்ட்கோ போய் வாருங்கள். நம்மால் பேசாமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம். ஒரு இந்தியக் குடும்பம் உள்ளே வந்ததும் வாய் தானாகத் திறக்கும். “எந்த ஊர்? அதுல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? நீங்க நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?” இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். முதுகில் தட்டிக் கொடுப்பதுபோலத் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் கடல் தாண்டியும் வந்திருக்கிறது.

சாதி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? கூட்டாட்சிச் சட்டத்தின் ஏழில் அந்தச் சொல் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம், சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது பொருந்தும். அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரமும் செய்தது. கலிபோர்னியச் சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் நிறைவேற்றிய மசோதாவை, அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் ரத்து செய்தார். “அப்பாடா” என்று சிலர் பெருமூச்சு விட்டார்கள். அவர் சொன்ன காரணத்தைப் படித்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, புதிதாக ஒன்று தேவையில்லை என்பதுதான் அவர் வாதம். வம்சாவளி, மதம், பூர்வீக நாடு என்ற மூன்று கதவுகளில் ஏதோ ஒன்றின் வழியாகச் சாதி உள்ளே வந்துவிடலாம்.

சக இந்தியரை இந்தியர் ஒதுக்கினாலும் பாகுபாடுதான். ஒதுக்குபவருக்கும் ஒதுக்கப்படுபவருக்கும் ஒரே நிறம் என்பது எந்தச் சட்டத்திலும் சமாதானம் ஆகாது.

கேட்கக் கூடாத மற்றவை சில. “எத்தனை குழந்தைகள்?” வேண்டாம். “விசாவா, க்ரீன் கார்டா?” வேண்டாம், அவருக்குக் கடன் கிடைக்குமா என்பது வங்கியின் கவலை. சக்கர நாற்காலியில் வந்தவரிடம் “இந்தப் படிக்கட்டு உங்களுக்குச் சரிப்படாதே” என்று அக்கறையோடு சொல்லவும் வேண்டாம். அவர் சாய்தளம் போடுவாரோ, லிஃப்ட் வைப்பாரோ, அவர் பாடு. வழிகாட்டி நாயோடு வந்தால் நாய் உள்ளே வரட்டும்.

“இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?” என்பது வாங்க வருகிற நம்மவர்கள் தவறாமல் கேட்பது. பதில் சொல்லும் கடமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கடந்த மூன்றாண்டுக்குள் நடந்த மரணத்தை நீங்களே சொல்லியாக வேண்டும். ஆனால் குடியிருந்த ஒருவருக்கு எச்ஐவி இருந்ததா என்று கேட்டால் அதற்குள் போகவே கூடாது. அது உடற்குறைப் பாதுகாப்புக்குள் வருகிறது.

அக்கம்பக்கத்தைப் பற்றிக் கேட்டால்? “இங்கே யார் அதிகம்?”, “பாதுகாப்பான ஏரியாவா?” என்ற கேள்விகளுக்குப் பள்ளியின் பெயரையும் ஊர்க் காவல்துறையின் இணையதளத்தையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். “நம்ம பசங்க நிறைய பேர் படிக்கிறாங்க” என்பதைத் தொண்டையிலேயே முழுங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: ஆஃபர் வருவதற்கு முன்பே அளவுகோலை எழுதிவையுங்கள்

எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்த ஒரு வேலைதான். ஓப்பன் ஹவுஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஏஜெண்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எங்களுக்கு எது முக்கியம் என்று வரிசையாக: விலை, டவுன் பேமெண்ட், வங்கியின் முன் அனுமதிக் கடிதம், அப்ரைசல் (வங்கிக்காகச் செய்யும் வீட்டு மதிப்பீடு) குறைந்தால் மீதியைக் கையிலிருந்து போட முடியுமா, வாங்குபவர் தன் பழைய வீட்டை விற்ற பிறகுதான் இதை வாங்குவேன் என்று நிபந்தனை வைக்கிறாரா, க்ளோசிங் (பத்திரம் கைமாறி விற்பனை முடியும்) தேதி. கடைசி வரியில், “ஆஃபர்களைப் பெயரில்லாமல் அனுப்புங்கள், 1, 2, 3 என்று எண் போட்டால் போதும்” என்று எழுதினேன்.

ஐந்து ஆஃபர் வந்தன. பெயர் இல்லாத அட்டவணையாக. அதிக விலை கொடுத்தவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. அவருக்கு விற்க வேண்டிய பழைய வீடு ஒன்று இருந்தது. இரண்டாவது விலைக்குக் கொடுத்தோம். அப்படிக் கொடுப்பதில் தப்பே இல்லை. குறைந்த ஆஃபரை ஏற்றுக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏன் என்று கேட்டால் காட்டுவதற்குப் பணம் சார்ந்த காரணம், தேதி போட்ட காகிதத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருவருக்குக் காட்டிய சலுகையை இன்னொருவருக்கு மறுக்காதீர்கள். ஒருவரிடம் மட்டும் கூடுதல் வங்கி ஆவணம் கேட்பது, ஒருவருக்கு மட்டும் கவுண்டர் ஆஃபர் (நம் பக்கப் பதில் விலை) தராமல் விடுவது போன்ற சின்ன வேறுபாடுகளைத்தான் விசாரணை அதிகாரி தேடுவார்.

‘லவ் லெட்டர்’ என்று ஒன்று வரும். “உங்கள் வீட்டுக் கொல்லையில் எங்கள் மகள் ஓடி விளையாடுவதைக் கற்பனை செய்தோம், தீபாவளிக்கு வாசலில் விளக்கு வைப்போம்” என்று குடும்பப் படத்தோடு வாங்குபவர் எழுதுவார். படித்தால் மனசு கரையும். கரைவதுதான் சிக்கல். மதம், பிள்ளை, நிறம் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அவருக்குக் கொடுத்தால், எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? ஓரிகன் மாநிலம் 2021இல் இந்தக் கடிதங்களைத் தடுக்கச் சட்டமே போட்டது. பேச்சுரிமையைக் காட்டி 2022இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். அதனால் கடிதம் எழுதுவது குற்றமில்லை. ஆனால் நீங்கள் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “கடிதங்களை எனக்கு அனுப்பாதீர்கள்” என்று ஏஜெண்டிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாசல் கேமராவுக்கும் இதுவே பொருந்தும். யார் வந்தார்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஏழாம் படி: அக்கம்பக்கத்தாரின் அழுத்தம்

1957இல் பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் சான்ஃபிரான்சிஸ்கோவில் வீடு தேடினார். நாடே கொண்டாடிய ஆட்டக்காரர். மிராலோமா டிரைவில் ஒரு வீட்டுக்குக் கேட்ட விலையான 37,500 டாலரைக் கொடுக்கத் தயாராக இருந்தார். வீட்டுக்காரர் கட்டடத் தொழில் செய்பவர். கறுப்பருக்கு விற்றால் சொத்து மதிப்பு விழும் என்று அக்கம்பக்கத்தார் நெருக்கியதும், தொழில் போய்விடுமே என்று பின்வாங்கினார். செய்தி வெளியே வந்து, மேயரே தலையிட்ட பிறகுதான் விற்றார். அந்த வீட்டுக்காரரைத் திட்டுவது சுலபம். அவர் இடத்தில் நம் தெரு வாட்ஸாப் குழுவோடு நின்று பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அவருக்குத் துணையாகச் சட்டம் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. விற்பவரை மிரட்டுவது, தொல்லை கொடுப்பது, இன்னாருக்கு விற்காதே என்று நெருக்குவது எல்லாம் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு. அதாவது அழுத்தம் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மேல் நீங்களே புகார் கொடுக்கலாம். இதற்கு வேரும் பழையது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்ட லாஸ் ஏஞ்சலஸ் பெண் ஒருவர், அதை மீறி விற்றார். அக்கம்பக்கத்தார் அவரிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1953இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லி அவரைக் காப்பாற்றியது.

அப்படிப்பட்ட ‘வெள்ளையருக்கு மட்டும்’ வாசகம் உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்திலும் இருக்கலாம். 1948இலேயே ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், எந்த நீதிமன்றமும் அதைச் செயல்படுத்தக் கூடாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் காகிதத்தில் கிடக்கும். சொத்துப் பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடமோ கவுண்டி பதிவு அலுவலகத்திலோ நீக்கச் சொல்லிக் கேளுங்கள். பல மாநிலங்களில் அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் என்ன பதில் போட்டேன் என்றால்: “லிஸ்டிங் எல்லாருக்கும் திறந்திருக்கு. நல்ல ஆஃபர் போடறவங்களுக்குக் கொடுப்போம். உங்க நண்பர்கள் இருந்தா ஏஜெண்ட்கிட்ட பேசச் சொல்லுங்க.” கட்டைவிரல் ஒன்றும் விழவில்லை.

எட்டாம் படி: பாகுபாடு உங்கள் பக்கம் திரும்பினால்

விற்பவரும் பாதிக்கப்படலாம். அதிகம் நடக்கும் இடம் அப்ரைசல். கலிபோர்னியாவின் மாரின் சிட்டியில் கறுப்பினத் தம்பதி ஒன்றின் வீட்டை 2020இல் 9,95,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். சந்தேகப்பட்ட அவர்கள் குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளையினத் தோழியை வீட்டுக்காரர்போல நிற்க வைத்து வேறொருவரை மதிப்பிடச் செய்தார்கள். 14,82,500 டாலர் வந்தது. வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது.

சாமி படங்களை எடுத்துவிடலாமா என்று பல வீடுகளில் பேச்சு வரும். நாங்களும் எடுத்தோம், சங்கடத்தோடு. அது உங்கள் விருப்பம். ஆனால் மதிப்பு அநியாயமாகக் குறைந்திருந்தால் சும்மா விடாதீர்கள். ஒரே அளவில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விவரத்தை உங்கள் ஏஜெண்ட் வழியாகத் திரட்டிக் கொடுத்து, கடன் வாங்குபவர் மூலம் வங்கியிடம் மறுமதிப்பீடு கேளுங்கள். சதுர அடி, அறைக் கணக்கு போன்ற பிழைகளைச் சுட்டிக்காட்டினால் திருத்த வாய்ப்பு அதிகம். அப்ரைசரும் வங்கியும் ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

ஒன்பதாம் படி: புகாரும் கெடுவும்

பாதிக்கப்பட்டவர் ஹட்டிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 1-800-669-9777 என்ற இலவச எண்ணிலும் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விசாரணையை 100 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி; நடப்பில் நீள்வதுண்டு. நேரே நீதிமன்றம் போக இரண்டாண்டு அவகாசம். நியூஜெர்சியின் சிவில் உரிமைப் பிரிவில் என்றால் 180 நாள்தான், தள்ளிப்போடாதீர்கள். ஹட் நிர்வாக நீதிபதி முன்னால் போனால் முதல் தடவைக்கே அபராதம் 25,000 டாலருக்கு மேல் போகலாம், நஷ்டஈடு தனி. நீதிமன்றத்திலோ தண்டத் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணமும் உங்கள் தலையில் விழலாம்.

உங்கள் மேல் புகார் வந்தால் எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸாப் செய்தியைக்கூட. புகார் கொடுத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் ‘சமாதானம்’ பேசவும் வேண்டாம், அது மிரட்டல் என்று இன்னொரு புகாராகும். நேரே வக்கீலிடம் போங்கள். ஹட் வழியாகவே சமரசம் பேசும் வாய்ப்பு விசாரணை நடக்கும் காலம் முழுக்க உண்டு.

எங்கள் வீட்டு ஆஃபர் அட்டவணை, அந்த மின்னஞ்சல், லிஸ்டிங் பிரதி, அட்டர்னி ஜெனரல் குறிப்பு, தெருக் குழுவின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். புது வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாண்டு முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி.